துரையிடம் ஆடு கேட்ட கேள்வி

இன்று வத்தேகமையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், கண்டக்டரிடம் நான் பேசியதைக் கேட்டு ஒரு சிறுமி சட்டென்று திரும்பினாள்.

"அம்மா, டிவி ஆடு."

உண்மைதான். நான் இயக்கும் சிறுவர் நிகழ்ச்சியில் பொம்மை ஆட்டுக்குக் குரலும் நானே. தனியாக ஆள் வைக்கத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு மனமில்லை.

அவளுடைய அம்மா சிரித்தார். "நீங்கதானா அது? உங்க ஆட்டால எங்க தோட்டத்துல பெரிய கூத்தே நடந்துச்சு மிஸ்."

எங்கள் ஆடு வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுல பைப்ல தண்ணி வருதா?" என்று கேட்கும். முன்பள்ளி விழாவுக்கு வந்த தேயிலைத் தோட்டத்து மேலாளரான துரையிடம் இவள் அதையே கேட்டிருக்கிறாள். வருகிறது என்றாராம்.

"அப்ப ஏன் எங்க லயத்துல வரல?" என்றாளாம் இவள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சொல்லி.

"எங்களுக்கெல்லாம் வேர்த்துப் போச்சு மிஸ். தொழிற்சங்கத் தலைவர்கூட அவர்கிட்ட அப்படிக் கேட்டதில்ல."

"பிறகு?"

"பைப் போட்டுட்டாங்க. லயத்துக்கே ஒண்ணுதான். ஆனா தண்ணி வருது."

இதே தண்ணீரைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்தை இதே தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுத்தது. பிரச்சினை வருமாம். கொழும்பில் ஒரு மண்டபத்தில் திரையிட்டேன். கைதட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். சிறுவர் நிகழ்ச்சியை மட்டும் மேலிடத்தில் யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு லயத்துக்கு ஒரே பைப் என்பது வெட்கக்கேடு. இருந்தாலும் கண்டி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் ஆடு எதைக் கேட்கட்டும்? சொல்லுங்கள். எங்கள் மேலதிகாரிகளுக்கு மட்டும் இதைப் பகிர வேண்டாம்.