கூடையில் வந்தவர்கள்

தன்மாயா தமாங்கின் சக்கர நாற்காலிக்கு வலப்பக்கச் சக்கரம் கொஞ்சம் கோணல். பதினோரு வருஷமாக அதில் அவள் உருண்ட தூரத்தைக் கூட்டினால், காட்மாண்டுவிலிருந்து கடல்வரை போய்க் கால் நனைக்காமல் திரும்பியிருக்கலாம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான அந்த மலைமேட்டு மருத்துவமனையில், புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது அவள் வேலை. இந்த வருஷம் கூடுதலாக ஓர் ஆராய்ச்சிப் படிவம்.

அதில் ஒன்பதாவது கேள்விதான் அவள் உயிரை வாங்கியது: விழுந்த இடத்திலிருந்து எப்படித் தூக்கி வந்தார்கள்?

இதுவரை அறுபத்திரண்டு பேர். அத்தனை பேரும் பலகையில் படுக்கவைத்து வந்தார்களாம். எருமைக்குத் தழை வெட்ட ஏறி விழுந்தவர்களுக்கெல்லாம் மரத்தடியிலேயே பலகை முளைத்துக் கிடந்தது போலும்!

"இதுதான் நிஜம்னா, பலகைல தூக்குங்கன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லிக்குடுக்க அவசியமே இல்லையே தீதி. வர்ற வெள்ளிக்கிழமை படிவத்தைப் பாத்துட்டு, திட்டத்தையே மூடிடுவாங்க," என்று, அவளை அக்கா முறை வைத்து 'தீதி' என்றே கூப்பிடும் டாக்டர் அனுஷீலா சொல்லியிருந்தாள்.

பொய்யின் காரணம் தன்மாயாவுக்குத் தெரியும். டோக்கோ கூடையில் குந்தவைத்து, பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து வந்தவன்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பவனும் அவனே. உடைந்த முதுகை மடக்கினால் மிச்சமிருக்கும் கால் அசைவும் போய்விடும் என்று அவன் முகத்துக்கு நேரே யார் சொல்வது? முதல் படிவம் தன்மாயாவுடையது. அதிலும் பலகைதான்.

வியாழன் மதியம், பதினேழாம் கட்டில். மூன்று வாரத்துக்கு முன் விழுந்த சுன்தலி. பக்கத்தில் அவள் அண்ணன் பீர்க்கா.

"எதுல தூக்கிட்டு வந்தாங்க, தங்கச்சி?"

"பலகைலதான்."

"ஏது பலகை?"

சுன்தலி விழித்தாள். "வீட்டுக் கதவு."

"அப்போ வீட்டுக்குக் கதவு இல்லியா? ஆடு உள்ள பூந்து அடுப்பு மூட்டுதா?"

பீர்க்கா சிரித்தான். சட்டென்று நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்தான்.

இன்னொருத்தியிடம் மல்லுக்கட்டத் தன்மாயாவுக்குத் தெம்பில்லை. பேனாவை மூடினாள்.

"என் வீட்டுக்காரரு என்னை டோக்கோலதான் கொண்டுவந்தாரு. சந்தைக்குப் போற கோழி மாதிரி, முட்டி மோவாய்ல இடிக்க. விழுந்ததுல போச்சா, கூடைல போச்சா, எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது தம்பி."

"என்னால முடியும்."

வாசலில் சோற்றுத் தூக்கோடு அவள் புருஷன் ஜித்பகதூர் நின்றிருந்தார்.

"தொங்குபாலம் வரைக்கும் என் இடுப்புல உதைச்சுக்கிட்டே வந்தா. 'மெதுவாப் போய்யா எருமை'ன்னு திட்டு வேற. ஏத்தத்துல உதை நின்னுடுச்சு. தூங்கிட்டான்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

பிறகு பீர்க்கா, "டோக்கோதான் தீதி. அஞ்சு மணி நேரம்," என்றான். சுன்தலி அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

தன்மாயா எழுதினாள். அப்புறம் படிவக் கட்டின் அடியிலிருந்து தன் படிவத்தை உருவி, புருஷனைப் பார்த்தாள்.

"பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அதையுமா கேக்குது படிவம்?"

"நான் கேக்குறேன்."

"அந்தப் பக்கம். ரெண்டாவது திருப்பம்."

அவள் 'பலகை'யை அடித்தாள். பலகை என்று சொன்ன பழைய ஆட்களில் இருபது பேர் இன்னும் இங்கேதான் படுத்திருக்கிறார்கள். விடிந்தால் வெள்ளி.

"சோறு அப்புறம். கூட வாங்க," என்று கோணல் சக்கரத்தைப் பதினெட்டாம் கட்டில் பக்கம் திருப்பினாள். "இதையே இன்னும் இருபது தரம் சொல்லணும்."

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளினார்.