உள்ளங்காலை யார் பார்ப்பது?

முதல் அறிகுறியை நான் பார்க்கவில்லை. யாத்திரிகர் விடுதியின் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். மேசையருகே இருந்த டேனிஷ் பெண்மணி தரையைக் காட்டினார். வாசலிலிருந்து அடுப்புவரை, வெளிறிய சீமெந்துத் தரையில், வலது காலின் தடம் மட்டும் கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தது.

"உங்களுக்கு இரத்தம் போகிறது," என்றார். "வலிக்கவில்லையா?"

வலிக்கவில்லை. அதுதான் நோய்.

நீரிழிவோடு வாழ்கிறவர்களுக்கு, முக்கியமாகத் தனியே வாழ்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். மாத்திரைகளை நான் ஒழுங்காகவே எடுத்துவந்தேன். கால்விரல்கள் மரத்துப்போயிருந்தது தெரியும். சில்க்போர்க் நகரில் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்ததால் வந்தது என்று விட்டுவிட்டேன்.

டேனிஷ் தீபகற்பமான யூட்லாந்தின் தெற்கு எல்லையிலிருந்து விபோர்க் பேராலயம்வரை போகும் பழைய பாதை ஒன்று இருக்கிறது. ஹேர்வாய் என்பார்கள். ஒருகாலத்தில் மாடுகளை ஓட்டிச் சென்ற வழி. இப்போது கோடையில் யாத்திரிகர்கள் நடக்கிறார்கள். என் மனைவி பிலோமினா இறந்தபின் வந்த முதல் கோடையில், அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக அதை நடந்து முடிப்பதாக நேர்ந்துகொண்டேன்.

நடக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கடைகள் தூரத் தூரத்தில்தான் உண்டு. தண்ணீருக்குத் தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்களைத் தேடுங்கள். பூக்களுக்கு ஊற்றும் குழாய் அங்கே அநேகமாக இருக்கும். வெளிச்சம் இரவு உணவுக்குப் பிறகும் மறையாது என்பதால், உடல் போதும் என்ற பிறகும் நடந்துகொண்டிருப்பீர்கள். சில நாட்களில் எதிரே வந்த சைக்கிள்காரருக்குச் சொன்ன ஒரு 'ஹாய்' தவிர நான் எதுவும் பேசியதில்லை.

வழியிலுள்ள ஜெலிங் ஊரைத் தாண்டியதும் சப்பாத்தைக் கழற்றிப் பையில் கட்டினேன். மன்னாரில் எங்கள் பக்கத்தில், மடுத் தேவாலயத்துக்கு நேர்த்தி வைத்து நடப்பவர்களில் பலர் செருப்புப் போடமாட்டார்கள். சப்பாத்தோடு நடந்தால் அது உலாத்தல், நேர்த்தி அல்ல என்று எனக்குப் பட்டது. அங்கே மணல். இங்கே தாரும் சரளையும், உடைந்தால் கத்தி போல விளிம்பு விடும் தீக்கற்களும்.

அன்று கடும் வெயில். தார் இளகி மினுங்கியது. எனக்கு முன்னால் நாயோடு நடந்த ஒருவர் நாயைப் புல்லோரத்துக்கு இழுத்துக்கொண்டார். எனக்குச் சுடவில்லை. அதை அருள் என்று எடுத்துக்கொண்டேன். பிலோமினா எங்கோ இருந்து என்னைத் தாங்குகிறாள் என்றே நம்பினேன்.

விடுதியிலிருந்து அந்தப் பெண்மணி என்னைத் தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். முன்பாதம் முழுவதும் தீக்கொப்புளம் வெடித்திருந்தது. இரண்டாம் விரலின் அடியில் ஒரு கற்சில்லு புதைந்திருந்தது.

வைத்தியர் இளம்பெண். கையில் மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலோன் இழை. "கண்ணை மூடுங்கள். தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள்."

அவருடைய கதிரை அசைந்த சத்தம் கேட்டது; தொட்டுவிட்டார் என்று நினைத்தேன். "தெரிகிறது," என்றேன்.

"நான் இன்னும் தொடவில்லை."

நியூரோபதி (நரம்புகள் சேதமாகி உணர்வு மறைதல்) என்று விளக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில் உங்கள் பாதங்களை யார் பார்ப்பார்கள்?"

பிலோமினா முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். தொலைக்காட்சி பார்க்கும்போது என் காலை மடியில் எடுத்துவைத்துக் கிறீம் பூசுவாள். விரல்களைப் பிரித்துப் பார்ப்பாள். அதை நான் அன்பென்று மட்டும் நினைத்திருந்தேன். அது பரிசோதனையும்தான். அவள் போனபின் என் உள்ளங்காலை யாரும் பார்த்திருக்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மகள் ஷர்மினி தான் குடியிருக்கும் ஹ்விடோவ்ரே நகரிலிருந்து வந்தாள். வைத்தியரோடு வேகமான டேனிஷில் கதைத்தாள். என்னோடும் அவள் டேனிஷில்தான் பேசுவாள். அன்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, சப்பாத்து பையில தொங்குது. காலில ஏன் இல்லை?"

"நேர்த்தி, பிள்ளை."

"அம்மா கேட்டவவோ?"



மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். கொம்மூனிலிருந்து (நகரசபை) தாதி வந்து கட்டு மாற்றினார். கொப்புளம் ஆறியது, விரலடிக் காயம் மூடவில்லை. இலையுதிர்காலத்தில் எடுத்த ஸ்கானில் ஒஸ்டியோமையலைட்டிஸ் (எலும்புக்குள் கிருமித்தொற்று) தெரிந்தது.

"விரலை எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்று நினைக்கிறேன்," என்றார் அறுவைச் சிகிச்சை வைத்தியர். "உறுதி தரமுடியாது."

அறுவைக்கு முதல்நாள், புரொண்பி நகரில் இருக்கும் எங்கள் ஊர் யேசுதாசன் அண்ணை தொலைபேசியில் வந்தார். அவருக்கும் நீரிழிவு.

"எடேய், மடுவுக்கு வெளிக்கிட்டு வழிதவறி விபோர்க் பக்கம் திரும்பினனியோ?"

"ஓம் அண்ணை. பலகை டேனிஷில இருந்தது."

"பகிடி விடாதை. இந்த ஊரில மாட்டையும் வெயிலெண்டால் நிழலில கட்டுவாங்கள். நீ தாரில வெறுங்காலோட போயிருக்கிறாய்." பிறகு தன் கதைக்கு வந்தார். "நானும் என்ர காலைத் திருப்பிப் பாக்கிறன். முதுகு வளையுதில்லையடா."

"கண்ணாடியைத் தரையில வையுங்கோ அண்ணை. அதுக்கு மேல காலைப் பிடியுங்கோ."

"வச்சால் என்ர மூஞ்சையெல்லோ தெரியுது."

"அதையும் ஒருக்காப் பாருங்கோ."

விரலை எடுத்தார்கள். பாதம் தப்புமா என்பது பல வாரங்கள் தெரியவில்லை. காலில் பாரம் படக்கூடாது என்று முழங்கால்வரை ஒரு பிளாஸ்டிக் சப்பாத்தை மாட்டிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் என் நாட்கள் கட்டு மாற்றும் நாள், மாற்றாத நாள் என்று இரண்டு வகைதான். தாதி வருவார், பிரிப்பார், குனிந்து பார்ப்பார், "நன்றாக இருக்கிறது" என்பார். அவருடைய கார் திரும்பும் சத்தம் அடங்கியபின் அடுத்த மனிதக் குரலுக்கு நான் வானொலியைத்தான் போடவேண்டும்.

வலி இருப்பவருக்கு உடல் உடனுக்குடன் சொல்லிவிடுகிறது. எனக்குக் காயம் நேர்வது ஒரு பொழுதில்; அது தெரியவருவது இன்னொரு பொழுதில், கண் வழியாக. இடையில் இருக்கும் நேரம்தான் ஆபத்து. ஆகவே காலையிலும் மாலையிலும் பார்க்கிறேன். சப்பாத்துக்குள் கைவிட்டுத் துழாவிய பிறகே காலை நுழைக்கிறேன். நீங்களும் செய்யுங்கள். பார்க்க ஆள் இருந்தால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

காயம் வசந்தத்தில் மூடியது. பாதம் மிஞ்சியது. மீதிப் பாதையை நடக்க வைத்தியர் அனுமதிக்கவில்லை. அளவெடுத்துச் செய்த தடித்த சப்பாத்தோடு, கோடையில், விபோர்க்குக்கு பஸ்ஸில் போனேன். ஷர்மினி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

பேராலய வாசலில் பழக்கத்தில் குனிந்து சப்பாத்து நாடாவைத் தொட்டுவிட்டேன். பிறகு நிமிர்ந்து, சப்பாத்தோடே உள்ளே போனேன். வெறுங்காலோடு போயிருந்தாலும் அந்தத் தரை எனக்குத் தெரிந்திராது.

கடைசி வாங்குப் பலகையில் ஆளில்லை. உட்கார்ந்து, கையை நீட்டித் தரையில் வைத்துப் பார்த்தேன். கல் நல்ல குளிர்ச்சியாக இருந்தது. செபத்தை ஆரம்பிக்குமுன் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தேன்.