மேடாகத் தெரிந்த பள்ளம்

அரியலூரில் நான் நிலவுப் படங்களைத் தேடிக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டருக்குப் பக்கத்து ஏடிஎம்மில் அவர் காவலாளி. சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதியைச் சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியிலிருந்து துடைத்தபடியே உள்ளே வருவார். கண்ணாடி சுத்தமாக இருந்தாலும் துடைப்பார்.

என் ஆய்வுக்கு நிலவின் ஒரே பள்ளத்தைக் காட்டும் பழைய படமும் புதிய படமும் வேண்டியிருந்தன. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

“என்ன சார், கொப்புளம் மாதிரி இருக்கு?” என்றார் ஒருநாள் மதியம்.

பள்ளம்தான், வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து விழுந்தால் கண் ஏமாந்து மேடு என்று நினைத்துக்கொள்ளும் என்று சொல்லி, படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். மேடு பள்ளமானது.

அவர் திரையை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இந்த மாதிரி எங்க ஊரு பழைய படம் கெடைக்குமா சார்? எங்க சோளக்கொல்லைய சுண்ணாம்புக்கல்லு தோண்ட எடுத்துக்கிட்டாங்க. கொல்லையோரமாத்தான் எம் மவளப் பொதச்சிருந்தோம்.”

தேடினேன். நிலவுக்குப் பழைய படம் இருந்தது. அந்தக் கொல்லைக்கு இல்லை. தோண்டிய பிறகு செயற்கைக்கோள் எடுத்த படம்தான் கிடைத்தது.

“மேடாத்தான இருக்கு!” என்று திரைக்கு அருகே குனிந்தார்.

பழக்கதோஷம், என் கை படத்தைத் திருப்பிவிட்டது. திரை முழுக்கக் குழி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துடைக்கவில்லை.

“முன்ன இருந்த மாதிரியே வெச்சுருங்க சார்.”

வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

இப்போதெல்லாம் நிலவில் ஒரு பள்ளம் மேடாகத் தெரிந்தால், நான் உடனே திருப்புவதில்லை.