உறுமலைக் களவெடுத்த சுடலைமுத்து

சுடலைமுத்து பிறந்த நாள் தொட்டு அடிவாங்கியே வளர்ந்த மனிதர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தினார்கள். முள்ளியவளைக்கு வந்து ரேடியோ திருத்தும் கடை போட்டார். தொண்ணூறில் ஷெல் விழுந்து கூரை போனது. ஆனால் தொண்ணூற்று நாலில் கொன்ஸ்ரன்ரைனிடம் வாங்கிய அடி அவரே தேடிக்கொண்டது.

கொன்ஸ்ரன்ரைன் கடலுக்குப் போகிறவர். கோயில் திருநாளில் கிற்றார் வாசிப்பவர். கப்பலில் வேலைசெய்த தகப்பன் விட்டுப்போன வால்வு அம்ப்ளிஃபயர் அவரிடம் இருந்தது. கிற்றாரை அதில் பூட்டிச் சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று உறுமும். பழுதாகி வந்த அந்தப் பெட்டியைச் சுடலைமுத்து ஒரு மாதம் வைத்திருந்தார். தானும் அப்படி ஒன்று செய்யப் பொருளாதாரத் தடைக்குள் கண்ணாடி வால்வுக்கு எங்கே போவது? பழைய ரேடியோக்களின் டிரான்சிஸ்டர்களைக் கொண்டே அந்த உறுமலைத் தான் செய்த பெட்டிக்குள் பிடித்தார். பிறகுதான் பழைய பெட்டியைத் திருத்திக் கொடுத்தார். திருத்தியதில் அதன் கரகரப்புக் கொஞ்சம் தெளிந்துபோனது.

ஒரு கலியாண வீட்டில் சுடலைமுத்துவின் பெட்டி உறுமியது. மறுநாள் காலை கொன்ஸ்ரன்ரைன் தன் பெட்டியோடும் கோடாலியோடும் வந்தார். முதல் குத்தில் சுடலைமுத்துவின் இரண்டு பல் போனது. மிச்ச அடிகளை அவர் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தாங்கினார்.

"அப்பான்ர சத்தத்தைக் களவெடுத்திட்டாய்."

"பெட்டி உங்கடைதான் அண்ணை. சத்தம் ஆருக்கும் சொந்தமில்லை." சுடலைமுத்து இரத்தத்தைத் துப்பினார். "அங்காலை திரும்பி நிண்டு கேளுங்கோ. எது களவெண்டு பிடிச்சால் உடையுங்கோ."

இரண்டு பெட்டிகளையும் தானே வைத்து, சீலையால் மூடினார். கொன்ஸ்ரன்ரைனோடு கிற்றாரும் கையுமாக வந்திருந்த தம்பி யூட்சன் ஒன்றில் வாசித்து, வயரை மாற்றி மற்றதிலும் வாசித்தான்.

"இடப்பக்கம் அப்பா," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "வலப்பக்கம் களவு."

இடப்பக்கம் கரகரத்தது சுடலைமுத்துவின் பெட்டி. தன் பெட்டி தப்பியது என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோடாலி வலப்பக்கப் பெட்டியில் சீலையோடு இறங்கியது. உள்ளே கண்ணாடி நொறுங்கியது. ஆத்திரம் காதை அடைத்திருந்தது; மூன்று தரம் கொத்திய பிறகே கொன்ஸ்ரன்ரைன் சீலையை இழுத்தார். தகப்பன் பலகையில் கத்தியால் வெட்டியிருந்த பெயர் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. தெரியும்."

கொன்ஸ்ரன்ரைன் கோடாலியை எறிந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். இந்த முறை சுடலைமுத்து முகத்தை மூடவில்லை.