முந்நூற்று அறுபத்தைந்து படிக்குக் கூலி

வெளிநாட்டில் ஒரு வீடியோ கேம் செய்வதற்கு ஒரு சினிமா எடுப்பதை விட அதிகம் செலவாகிறது என்று பேப்பரில் வந்திருந்ததை என் அக்கா வீட்டுக்காரர் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் உட்கார்ந்து படித்தார். டீக்கடைக்காரர் அந்தத் தாளில் வடையைக் கட்டி யாருக்காவது கொடுத்துத் தொலைத்திருந்தால் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம் செய்தவராக இருந்திருப்பார். கொடுக்கவில்லை.

அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டில் உறவுமுறை பாதி தெலுங்கு, சண்டை மட்டும் முழுக்கத் தமிழ். பாவாவுக்குத் திருத்தணியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் இருந்தன. பொதட்டூர்பேட்டை முதலாளி ஒருவர் நூல் கொடுப்பார், இவர் சேலை நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். கூலிதான் என்றாலும் தறி சொந்தம். அந்தச் சொந்தத்துக்காகவே கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில் வரும்.

பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நேராக அரக்கோணம் வந்தார். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் சம்பளத்தில் நான் வேலை பார்த்தேன். வந்தவர்களின் நேரத்தைக் குறித்துக்கொள்வதும், மறைப்புக்குப் பின்னால் என்ன பார்க்கிறார்கள் என்று கண்டும் காணாமல் இருப்பதும் என் வேலை. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவன் என்று வீட்டில் பெருமை.

"அவன் அத்தினி கோடி போட்டே லாபம் பாக்குறான். நாம ஒரு லட்சத்துல முடிச்சா மிச்சம் கோடி எல்லாம் லாபம்தானே?" என்றார் பாவா.

இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஆயிரத்து இருநூறு வாங்குகிறவனுக்கு மற்றவர் கணக்கைத் திருத்தும் ஆசை சீக்கிரம் வராது. அவருக்கு இது புது யோசனையும் அல்ல. தொண்ணூறுகளில் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. மூன்று பெட்டிகள், ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த பாவா ஒரு மணி நேரத்தில் எத்தனை காசு விழுகிறது என்று எண்ணியிருக்கிறார். நாற்பது. அந்த நாற்பது ரூபாய் அவர் வயிற்றில் பல வருஷமாகப் புளித்துக்கொண்டிருந்தது.

முதலாளி ஒரு லட்சம் கொடுத்தார். ஆடிக் கிருத்திகை முடிந்து ஒரு வாரத்தில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் நான்கு தறியும் அவர் கொட்டகைக்குப் போய்விடும். அந்தத் தறிகளில் இரண்டை ஓட்டுவது அக்கா. நான்குக்கும் ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றிப் போடுவதும் அக்கா. அவளிடம் கடன் பத்திரக் கையெழுத்துக்கு முந்தின நாள்தான் விஷயம் சொல்லப்பட்டது.

"என்னிய ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

"ஆடிக் கிருத்திகைக்கு வர்ற ஜனம் எத்தினி லட்சம்? நூத்துல ஒருத்தர் வாங்கினா போதும்."

திருத்தணியில் கைமுதலைத் தொலைத்த அத்தனை பேரும் 'நூத்துல ஒருத்தர்' என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் மயில் போட்டவர், பன்னீர் சோடா போட்டவர், காவடி தூக்குகிறவர்களுக்குத் தோள்பட்டைத் தலையணை தைத்தவர். அந்த நூற்றில் ஒருத்தர் எந்த வருஷமும் எந்தப் பஸ்ஸிலும் வந்து இறங்கியதில்லை.

ஆட்டம் என்னவென்று முடிவு செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காவடி எடுத்த பக்தர் மலைப்படி ஏற வேண்டும். குரங்கு தேங்காயைப் பறிக்க வரும், தாண்டிக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான். கூலி பேசுவதற்குத்தான் ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. நான் மாதச் சம்பளம் கேட்டேன்.

"மாசச் சம்பளம்னா நீ தூங்கிகினு இருப்ப. சேலைக்கு இவ்ளோன்ற மாதிரி பேசு. ஆட்டத்துல அப்டி தனித்தனியா எண்ணுற மாதிரி இன்னா இருக்கு?"

"ஸ்டேஜ் இருக்கு பாவா. ஒண்ணு முடிச்சா அடுத்தது."

"மலைக்கு எத்தினி படி?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சு."

"ஆங். அத்தினி ஸ்டேஜ். ஒரு படிக்கு நூத்தம்பது."

உலகத்தில் எந்தக் கேம் கம்பெனியும் இப்படிக் கூலி பேசியிருக்காது. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஐம்பத்து நான்காயிரத்து எழுநூற்றைம்பது. பிரவுசிங் சென்டரில் மூன்றே முக்கால் வருஷம் நின்றாலும் வராத பணம். சரி என்றேன். கொட்டகை ஓரத்தில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து உட்கார்ந்தது.

முதல் படிக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பக்தர் ஏறாமல் காற்றில் நடந்தார். குரங்கு அவரை விட்டுவிட்டுப் படியைப் பறித்தது. படம் வரைந்தவர் கடைப் பலகை எழுதுகிறவர். பாதி நாள் தையல்கடைப் பலகைகள் வரைந்து பழகியதால், அவர் வரைந்த பக்தர் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒயிலாக நின்றார். ஒற்றைக் கையில் காவடி. அதையும் பாவா ரசித்தார். இரண்டாம் படிக்கு ஒன்பது நாள். மூன்றாம் படிக்கு ஒரு வாரம். இந்த வேகத்தில் போனால் மலை ஏறி முடிக்க ஏழு வருஷம் ஆகும் என்று தெரிந்ததும் எனக்குப் புத்தி வந்தது. அதாவது, கெட்ட புத்தி.

நான்காம் படியில் பக்தரின் வேட்டியைப் பச்சையாக்கினேன். ஐந்தாம் படியில் சிவப்பு. ஆறாம் படியில் குரங்குக்கு வேறு நிறம். மற்றதெல்லாம் அதேதான். குதிக்கிற இடம்கூட மாறவில்லை. மாட்டிக்கொள்வேன் என்று பயந்துகொண்டேதான் காட்டினேன். பாவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரியே திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"டிசைன் ஒண்ணுதான் பாவா, கலர்தான்..." என்று இழுத்தேன். மனசாட்சி அந்த அளவுக்கு இருந்தது.

"கலர் மாறினா சரக்கே வேறடா. ஒரு டிசைன்ல பன்னெண்டு கலர் போடுறோம், பன்னெண்டும் வேற வேற சேலதானே? நீ போடு."

நெசவுக்காரர் ஒருவர் வாயிலிருந்து இதைவிட நியாயமான பேச்சு வர முடியாது. கடையில் சேலை பார்க்கிற பெண்ணுக்குக் கலர் மாறினால் சேலை மாறியதுதான். படி ஏறுகிறவனுக்கு அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் எட்டுப் படி போட்டேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒரு மாதச் சம்பளத்தை ஒரே பகலில் எடுத்தேன். வைகாசி பிறப்பதற்குள் மலை முடிந்துவிட்டது.

சென்னையில் மூவாயிரம் சிடி அடித்து வந்தது. அட்டையோடு சேர்த்து ஒன்று பதினான்கு ரூபாய். அட்டையில் முருகன், வேல், மயில். ஆட்டத்தில் மயில் கிடையாது. விலை ஐம்பது. கூவி விற்கிற ஆளுக்கும் கடை வாடகைக்கும் பத்து போக நாற்பது கைக்கு வரும்.

"பதினாலு ரூபா சரக்கு. நாப்பது வருது. ஒண்ணுக்கு இருபத்தாறு லாபம்" என்று பாவா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

அக்கா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தவில்லை. "இவனுக்குக் குடுத்த கூலி?" என்றாள்.

"அது குடுத்து முடிஞ்சிதே."

"கம்பியூட்டர் இருவத்தெட்டாயிரம்?"

"அதுவும் குடுத்து முடிஞ்சிது."

தறியில் ஒரு சேலையின் கூலி அந்தச் சேலையோடு போய்விடும். நூலும் அப்படித்தான். விற்றால் விற்ற சேலைக்குக் கணக்கு, விற்காவிட்டால் அடுத்தது நெய்ய வேண்டாம். முதல் சிடி விற்பதற்கு முன்னாலேயே மொத்தக் கூலியும் செலவாகி உட்கார்ந்திருக்கும் ஒரு பொருளை பாவா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்ததில்லை. ஆனால் அவள் சீட்டுப் பணம் முப்பத்து மூவாயிரம் இதில் போயிருந்தது. ராட்டையை நிறுத்தி, சிடி அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். என் கூலி ஐம்பத்து நான்காயிரத்து எழுநூற்றைம்பது. கம்ப்யூட்டர் இருபத்தெட்டாயிரம். படக்காரருக்கு எட்டாயிரத்து இருநூற்றைம்பது. சிடிக்கு நாற்பத்திரண்டாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம். மூவாயிரம் சிடியும் விற்றால் வருவது ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"ஒண்ணு பாக்கி இல்லாம வித்தாலும் பதிமூணாயிரம் நட்டம்" என்றாள்.

பாவா அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். என் பெயருக்கு நேரே இருந்த தொகையைப் பார்க்கிறாரோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். "தறில ஏத்துற மொதப் பாவு எப்பவும் கையக் கடிக்கும். அடுத்ததுல சரியாயிடும்" என்றார்.

"நட்டம் போவட்டும். தறி மிஞ்சணும்னா எத்தினி விக்கணும்?"

"ரெண்டாயிரத்தி ஐந்நூறு" என்றேன் நான். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மையான எண்.

ஆடிக் கிருத்திகைக்குக் குளத்தங்கரைப் பக்கம் கடை போட்டோம். ஜனம் லட்சத்தில்தான் வந்தது, அதில் பாவா பொய் சொல்லவில்லை. சித்தூரிலிருந்து, நகரியிலிருந்து, மணவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக வந்தார்கள். காவடி எடுத்து வருகிறவர் மடியில் உண்டியலுக்குக் காசு இருக்கும், பஸ்ஸுக்குக் காசு இருக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்குமா என்பதை அதுவரை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்த நானே யோசிக்கவில்லை.

ஆனாலும் முதல் நாள் நூற்று முப்பது விற்றது. பாவாவுக்கு முகமே மாறிவிட்டது. மறுநாள் காலையில் அரக்கோணத்து அம்மா ஒருத்தர் வந்தார்.

"ஏம்ப்பா, சாமி பாட்டுனு குடுத்த. பொட்டில போட்டா வாயே தொறக்கல."

"பாட்டு இல்லம்மா, ஆட்டம். படி ஏறணும்."

"படிதான் நேத்து கால் வலிக்க ஏறி எறங்கினேனே. திரும்ப வீட்ல உக்காந்துகினு இன்னாத்துக்கு ஏறணும்? துட்ட குடு."

ஐம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். மூன்று நாளில் விற்றது இருநூற்றுப் பதினொன்று, திரும்பி வந்தது எழுபத்து நான்கு. திருட்டு சிடி போட்டுப் பிழைக்கிற அரக்கோணம் கடைக்காரரிடம் ஒன்றை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தேன். நாலாவது படி வரை ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திருடுகிறவருக்கும் ஒரு தரம் உண்டு.

சொன்ன வாரத்தில் முதலாளியின் டிராக்டர் வந்தது. நான்கு தறியையும் கழற்றி ஏற்றினார்கள். கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பாவா. "அத வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றார் முதலாளி. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பாவா காலையில் பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டைக்குப் போய், அதே தறியை, அடுத்தவர் கொட்டகையில் ஓட்டினார். பஸ் செலவு தனி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. யாரிடம் பேசினாலும் ஜனத்தைத்தான் திட்டினார், ரசனை இல்லை என்று. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து அக்கா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள். "நீ கொஞ்சம் வந்து போ" என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியான ரயிலில் போனேன். கொட்டகை காலியாக இருந்தது. தறி நின்ற இடங்களில் தரையில் எண்ணெய்க் கறை நான்கு. நடுவில் ஒரு ஸ்டூல்மேல் கம்ப்யூட்டர், அதன் முன்னால் அக்கா.

"ஒரு நாளைக்கு இருவது படின்னு ஏறிகினு வரேன். இது கடைசிப் படி. பாரு" என்றாள்.

உலகத்திலேயே அந்த ஆட்டத்தை அவ்வளவு தூரம் ஆடியவள் அவள் ஒருத்திதான். குதிக்க வேண்டிய இடம் அவள் விரலுக்குப் பாடமாகியிருந்தது. ஊதா வேட்டி கட்டிய பக்தர் குரங்கைத் தாண்டினார், முந்நூற்று அறுபத்தைந்தாவது படியில் கால் வைத்தார். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு வெள்ளை வேட்டியோடு முதல் படியில் வந்து நின்றார், இடுப்பில் கையோடு.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"சாமி எங்கடா?"

மலை உச்சியில் கோயிலோ சாமியோ எதையும் நான் போடவில்லை. ஒருத்தர் அதுவரை ஏறி வருவார் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அதைவிட வெட்கக்கேடான ஒன்றைச் சொன்னேன்.

"படிக்குத்தானேக்கா கூலி பேசினாரு. சாமிக்குப் பேசலியே."

அவள் எழுந்து உள்ளே போனாள். தறி போனதிலிருந்து அவள் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் கூலிக்கு நூல் சுற்றி வந்தாள். அந்த வாரக் கூலியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் போல. அவிழ்த்து எண்ணிக்கொண்டே வந்து, ஒரு நூறும் ஐந்து பத்துமாக என் முன்னால் நீட்டினாள்.

"இந்தா. சாமியப் போட்டுக் குடு."

நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.