பெட்டியில் வைத்த அழுக்குப் புடவைகள்

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒன்பது மாதம் என்பது எவ்வளவு நீளம்? கணக்குப் போட்டால் அவள் ஆயுளில் பாதி. இந்த விடையை எழுதிப் பார்த்துவிட்டு நானே அடித்துவிடுகிறேன். அவளுக்குக் கணக்குத் தெரியாதே.

நான் உத்திரமேரூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சிறு குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று இங்கிலாந்து போய் ஒன்பது மாதம் ஆராய்ந்து வர உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஊரார் குழந்தைகளைப் புரிந்துகொள்வதற்காக என் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறேன். விண்ணப்பத்தில், நான் இல்லாதபோது குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் தனித்தாள் இணைத்தேன். ஆராய்ச்சியைப் பற்றிய கேள்விக்கு அரைப் பக்கம்தான் எழுதினேன். எப்படியோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பார்த்துக்கொள்ளப் போகிறவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர், நான் பிரசவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது வயல் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். அவரிடம் குழந்தை பசியோடு இருக்காது என்று எனக்குத் தெரியும். தூக்கம்தான் கவலை. எங்கள் பக்கத்தில் தாய் கட்டிப் பழசான நூல்புடவையில்தான் தூளி கட்டுவோம். அம்மாவின் வாசனை இருந்தால் பிள்ளை அடங்கித் தூங்கும் என்பார்கள். தினமும் காலையில் என் புடவையில் தூளி கட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். மாலையில் திரும்பும்போதும் அதுவே தொங்கும்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். ஒன்பது மாதத்துக்கு ஒன்பது புடவைகள். ஒவ்வொன்றையும் இரண்டு நாள் கட்டி, துவைக்காமல் மடித்துத் தகரப் பெட்டியில் வைப்பது. மாதம் எழுதிய சீட்டும் வைத்தேன். பள்ளியில் தினமும் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்துத் திட்டுகிறவள், நேற்றுக் கட்டிய புடவையோடு வகுப்பில் நின்றேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். "சீமைக்குப் போறவங்க எல்லாம் வெளுத்துக்கினு போவாங்க. நீ அழுக்காக்கிக்கினு கீற" என்றார்.

அண்ணியிடம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவள், வாசனையை மூட்டை கட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அதைவிட, உங்களிடம் குழந்தை தூங்காது என்று சொன்னதாகிவிடுமோ என்ற பயம்.

இதற்கிடையே கடைத்தெருவில் டெய்லர் பாய் கம்பளிக் கோட்டு தைத்துக் கொடுத்தார். அவர் குளிர்தேசக் கோட்டு தைத்ததில்லை, நான் போட்டதில்லை. புடவைக் கொசுவத்துக்கு இடம் வேண்டுமே என்று தாராளமாக வைத்துவிட்டார். அதற்குள் நானும் குழந்தையும் சேர்ந்தே நுழையலாம். நுழைந்தும் பார்த்தோம்.

ஏழாவது புடவை பெட்டிக்குள் போன மறுநாள் பள்ளியிலிருந்து வந்தேன். வேப்பமரத்திலிருந்து சுவர் ஆணிவரை கட்டிய கொடியில் ஏழு புடவைகளும் பறந்துகொண்டிருந்தன. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெருமையோடு நின்றார்.

"கப்பல் ஏறப் போற பொம்பள, பொட்டி நெறைய அழுக்குப் பொடவ வெச்சிக்கினு கீறியேம்மா. தொவைக்க நேரமில்ல போலன்னு நெனச்சேன். நீலம் போட்டு, கஞ்சியும் போட்டுட்டேன்."

பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு, ஏரிக்குப் போய் உவர்மண் போட்டுத் துவைத்திருக்கிறார். அவர் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. எதற்கு உங்களுக்கு இந்தச் சிரமம் என்றேன். உள்ளே போய் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். கஞ்சியும் வெயிலும்தான் மணத்தன. மாதச் சீட்டுகளை மட்டும் பத்திரமாக எடுத்து மாடத்தில் வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

மறுநாளிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு புடவை கட்ட ஆரம்பித்தேன். வீட்டு வேலைகளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அதில் என் வாசனையைவிட அடுப்புப் புகைதான் அதிகம் ஏறியது. நாலாம் நாள் அண்ணி பெட்டிக்கு முன்னால் என்னைப் பிடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியை மூடினார். பிறகு, "உன்னாண்ட ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத" என்று ஆரம்பித்தார்.

நான் பள்ளிக்குப் போனதும் என் புடவைத் தூளியை அவிழ்த்துவிட்டுத் தன் புடவையைக் கட்டிவிடுவாராம். பழசானாலும் நான் கட்டுகிற புடவை, குழந்தை நனைத்துவிடப் போகிறதே என்று. நான் வரும் நேரத்துக்கு மறுபடி என்னுடையதைக் கட்டிவிடுவாராம். ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தானாம்.

"ஏன் அண்ணி திருப்பிக் கட்டுனீங்க?"

"வெயில்ல வர்ற. வந்ததும் உன் பொடவயில கொயந்த தூங்கறதப் பாத்து உன் மூஞ்சி மலருது. அத ஏன் கெடுக்கணும்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி என்னவோ நன்றாகவே இல்லை.

அண்ணி இன்னொன்றும் கேட்டார்: இன்றிலிருந்து இரவிலும் தன் புடவையையே கட்டிவிடட்டுமா, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுமே என்று. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லி ஐந்து நாளாகிறது. தினமும் கேட்கிறார், தினமும் நாளைக்கு என்கிறேன். மாற்றுவதுதான் குழந்தைக்கு நல்லது என்று பிள்ளைகளைப் பற்றி ஆராயப் போகிற எனக்குத் தெரிகிறது. ஆனால் கப்பலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அந்த ஏழு வாரமாவது அவள் என் புடவையில் தூங்கட்டுமே என்றும் இருக்கிறது.

கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியூர் போய்வந்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். தூளியை இப்போதே மாற்றிவிடட்டுமா, புறப்படுகிற அன்று மாற்றினால் போதுமா? நீங்கள் என்ன செய்தீர்கள், திரும்பி வந்தபோது பிள்ளை யாரிடம் போயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.