இடது காதில் சொன்னது

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது இடது காதுக்குப் பின்னால் எலும்பைச் செதுக்கிச் சீழை எடுத்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தேன். பிறகு தலையைச் சுற்றிக் கட்டுடன் என்னைக் கைரிக்‌ஷாவில் ஏற்றி, ராயபுரத்தில் ரயில்வே லைனுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த எங்கள் சந்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சந்து பழைய இடத்தில் இல்லை. லேசாகச் சாய்ந்து, மெதுவாக வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஈரமணலில் நின்றுகொண்டு, அலை திரும்பிப் போகும்போது குனிந்து பார்த்தால், காலடி மணல் நழுவி நாமே பக்கவாட்டில் ஓடுவதாகத் தோன்றும். எனக்கு அது வீட்டுக்குள்ளேயே நடந்தது. பாயில் படுத்தால் கூரை ஓடுகள் வரிசையாக நகர்ந்து போகும். கண்ணை மூடினால் பாய் புறப்பட்டுவிடும். முதல் நான்கைந்து நாள் பயமாக இருந்தது. பிறகு அதில் ஒரு சுகமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் கிடையாது, தண்ணீர் தூக்க வேண்டியதில்லை, படுத்த இடத்திலிருந்தே எங்கெங்கோ போய்வந்துகொண்டிருந்தேன்.

சத்தங்களும் இடம் மாறிவிட்டன. ஒரு காது மட்டும் கேட்பவருக்கு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாமே நல்ல காதின் பக்கம் வந்து நிற்கும். தெருப்பக்கம் இருந்த மாதா கோயிலின் மணி இப்போது கடலுக்குள்ளிருந்து அடித்தது. துறைமுகத்துக்குச் சரக்கு இழுத்துப் போகும் எஞ்சின் எங்கள் அடுப்பு மூலையில் ஊதியது. அம்மா கூப்பிட்டால் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவருக்குப் பதில் சொல்வேன். இடது காதில் மிஞ்சியது ஒரே சத்தம்தான்: மூடிய கதவுக்கு அப்பால் கடல் இரைவது போன்ற ஓர் இரைச்சல். அது வெளியிலிருந்து வருவதல்ல என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

நடப்பதற்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். தலையை மட்டும் திருப்பக் கூடாது, உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும். தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். எங்கள் வாசலிலிருந்து தெருக்குழாய் நாற்பத்திரண்டு எட்டு. நான் சந்தின் கோடியில், துறைமுகச் சுவருக்கு மேலே தெரிந்த ஒரு கப்பல் கம்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து நாள் அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நடந்தேன். ஆறாம் நாள் இருபதாவது எட்டில் கம்பம் நகர ஆரம்பித்தது. தலைசுற்றல்தான் என்று நினைத்து இன்னும் உற்றுப் பார்த்தேன். கப்பல் நிஜமாகவே புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. நடுச்சந்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வருது பாரு," என்று குழாயடியில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து விளக்குக் கம்பத்தைப் பார்த்து நடந்தேன்.

ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அதுவரை வீட்டில் என் காதுக்குப் பரீட்சை நடந்தது. அம்மா என் வலது காதைத் தன் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, இடது பக்கம் பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டுவாள். முதல் தடவை, கேட்கவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். அன்று எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, வந்திருந்தார்.

"இன்னாமே, இன்னும் தொறக்கலியா? டாக்டரு மறுபடியும் கத்திய தீட்டிக்கினு கீறாரு. இந்த வாட்டி ரெண்டு பக்கமும் போட்டுட்டா ஜோடியா பூடும்."

"கம்முனு கெடடா. கொயந்தய பேஜாரு பண்ணாத," என்றாள் அம்மா.

மாமா விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஆஸ்பத்திரியில் என் மூக்கின் மேல் துணியை வைத்து, தித்திப்பும் நெடியுமான ஒரு மருந்தைச் சொட்டவிட்டு, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். பதினொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்களே இல்லை. விழித்தபோது பாதி உலகம் இல்லை. அந்த மேஜையில் மறுபடியும் ஏறக் கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை. ஆகவே, கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அம்மா சொம்பைத் தட்டுவது அவள் தோளில் தெரிந்தது. மாமா இடது பக்கம் குனிந்து முணுமுணுத்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து பெப்பர்மிண்ட் வாசம் வந்தது. "மிட்டாய்" என்றேன்.

"தொறந்துகிச்சிக்கா!" என்று மாமா கத்தியது வலது காதில் நன்றாகவே கேட்டது.

நைனா மட்டும் பரீட்சை வைக்க வரவில்லை. அவர் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இரும்புத் தகடுகளில் ரிவிட் ஆணி அடிப்பவர். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்று பழகி, வீட்டில் உப்புக் கேட்பதைக்கூட அடுத்த சந்துக்கு எட்டும்படிதான் கேட்பார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. என் தலைக்கட்டைப் பார்த்து அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காதுவலி முற்றுவதற்கு ஒரு மாதம் முன்பு, பட்டறை வாசலில் அவர் காட்ட வேண்டிய பித்தளை வில்லையை நான் விளையாட எடுத்துப் போய் மணலில் தொலைத்துவிட்டேன். வில்லை இல்லாமல் அவரை உள்ளே விடவில்லை. திரும்பி வந்து என்னை ஓர் அறை அறைந்தார். வலது கையால் அறைந்தால் எதிரில் நிற்பவரின் இடது காதில்தான் விழும். எதையாவது தொலைத்தால் அடி என்பது எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இரண்டு நாளில் நான் மறந்துவிட்டேன். குழாயடியில் மறக்கவில்லை; அந்த அறையால்தான் காது கெட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிறுவயதிலிருந்தே அந்தக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. எலும்பு வரை புரையோடுவது ஓர் அறையால் வருவதில்லை என்று பின்னாளில் வேறொரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நைனா யாரையும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு பிற்பகல். கட்டு சின்னதாகி, காதை மூடாமல் அதன் பின்னால் மட்டும் இருந்தது. அம்மா கைக்குழந்தையான என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தேன். அப்படிப் படுத்தால் உலகம் முழுவதும் ஓய்ந்துவிடும். உள்ளேயிருக்கும் கடல் மட்டும் இரையும். பாய் என்னை எடுத்துக்கொண்டு எர்ணாவூர்ப் பக்கம் வடக்கே மிதந்து போகும். அன்றும் போய்க்கொண்டிருந்தேன். பீடி வாசம் வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. நைனா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

இடது காதில் சூடாக மூச்சு பட்டது. நின்றது. மறுபடியும் பட்டது, இந்த முறை நீளமாக. பேச்சைத் தோலால் உணர முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சில சொற்கள் துண்டு துண்டாக வந்தன, சில இழுத்துக்கொண்டு வந்தன. நடுவில் வெகுநேரம் ஒன்றுமில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். பீடி வாசம் போகவில்லை. பிறகு ஒரே அளவான மூச்சு நான்கைந்து தடவை பட்டது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது போல.

நைனாவும் பரீட்சைக்கு வந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். மூச்சு ஓய்ந்ததும் மெதுவாக எழுந்து உட்கார்ந்தேன்.

"கேட்டுச்சி நைனா."

தலையணைக்கு அருகில் ஊன்றியிருந்த கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாமே கேட்டுச்சி?"

"நீ சொன்னது."

"எல்லாமா?"

அரைகுறையாகக் கேட்டது என்றால் அதற்கும் கத்தி எடுப்பார்களோ என்னவோ. "எல்லாம். ஒரு வார்த்த வுடாம," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். செருப்புப் போடாமல் வெளியே போனார். இவ்வளவு பெரிய வெற்றியை ஒருவர் இப்படியா வாங்கிக்கொள்வார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதன்பின் அவர் விநோதமாக நடந்துகொண்டார். நான் வேறுபக்கம் பார்க்கும்போது என்னைப் பார்ப்பார். நான் பார்த்தால் குனிந்துகொள்வார். சாப்பாட்டில் தன் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நாலாம் நாள், அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, என் வலது பக்கம் வந்து நின்றார்.

"ஆயிகிட்ட சொன்னியாமே?"

"இன்னும் இல்ல. நேரா டாக்டரு கிட்டயே சொல்லிக்கிறேன்."

"டாக்டரு கிட்டயா!" அவருக்குப் பழைய குரல் பாதி வந்துவிட்டது. "அவுருகிட்ட இன்னாத்துக்கு அத்த சொல்லிக்கினு?"

"சொல்லித்தான் ஆவணும் நைனா. சொன்னாத்தான் வுடுவாங்கோ."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "சரி," என்றார். "சொல்லு."

ஆறாவது வார முடிவில் நைனாதான் என்னை அழைத்துப்போனார். டாக்டர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன்.

"நல்லா கேக்குது டாக்டரு. நைனா சொன்னதுகூட அப்டியே கேட்டுச்சி."

"அப்படியா? நைனா என்ன சொன்னார்?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. நைனாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் காதில் வேறு என்னதான் சொல்வார்கள்?

"மிட்டாய்," என்றேன். "மிட்டாய் வாங்கித் தரேன்னு சொன்னாரு."

நைனா சட்டென்று நிமிர்ந்தார். டாக்டர் சிரித்துவிட்டு, சாவி கொடுத்தால் கரகரவென்று சுற்றும் ஒரு சின்னப் பெட்டியை என் வலது காதில் வைத்தார். அந்த இரைச்சலில் எல்லாம் மூழ்கிப்போயிற்று. என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டார். தோளும் தெரியவில்லை, வாசமும் டெட்டால் வாசம்தான். ஊகித்து ஊகித்து, "கேட்டுச்சி, கேட்டுச்சி" என்றேன். பெட்டியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

பிறகு நைனாவிடம் பேசினார். ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே அந்தக் காதில் ஒன்றும் விழுந்திருக்காது, இனியும் விழாது, சீழ் உள்காதுவரை போய்விட்டது. தலைசுற்றல் போகப் போகக் குறையும். மறுபடி கீற வேண்டியதில்லை. மற்றக் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கீற வேண்டியதில்லை என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. நைனாதான் விடவில்லை.

"ஒண்ணுமே கேட்டிருக்காதா சார்?"

"ஒண்ணுமே."

"கிட்ட குந்திகினு... காதுக்குள்ளாற பேசினாக்கூட?"

"பேசினாலும், கத்தினாலும்." டாக்டர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். "மனசை விடாதேப்பா. ஒரு காதை வைத்துக்கொண்டு நல்லாவே பிழைக்கலாம்."

நைனாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் முகம், எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, பாரம் இறக்கியவர் முகமாக இருந்தது. இரண்டும் எப்படி ஒரே முகத்தில் இருக்க முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிராமில் ஒரு நீள ஆசனம் காலியாகக் கிடைத்தது. நைனா முதலில் என் வலது பக்கம் உட்கார்ந்தார். மணி அடித்து வண்டி கிளம்பியதும் எழுந்து, என் முழங்காலைக் கடந்து, இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். வண்டி ஆடியது, கடைகளும் மாட்டுவண்டிகளும் சாய்ந்து சாய்ந்து போயின. முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டு உடம்பை நேராக வைத்துக்கொண்டேன். அப்போது இடது காதில் மூச்சு பட்டது.

இனிப் பொய் சொல்லத் தேவையில்லை என்பதால் உரக்கவே சொன்னேன்: "கேக்கல நைனா."

முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனா தலையை ஆட்டினார். தெரியும் என்பது போல ஆட்டினார். பிறகு மறுபடியும் குனிந்து பேச ஆரம்பித்தார். அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, ராயபுரம் வரும்வரை பேசினார்.

டாக்டர் அவ்வளவு விவரமாகச் சொல்லியும் நைனாவுக்கு நம்பிக்கை வரவில்லை, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று தலையை அசைக்காமல் அந்தக் காதை அவர் பக்கமே வைத்திருந்தேன்.